கைவைத்தவன் சொல்ல வேண்டிய நியாயம்

ஓசூரிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் ஜூஜூவாடியைத் தாண்டி அத்திப்பள்ளியை நெருங்கும்போது, மண்ணின் நிறமும் மனிதரின் முகச்சாயலும் சற்றும் மாறாதிருக்க, கடைப் பலகைகளின் எழுத்து ஒன்று மட்டும் தமிழை விட்டுக் கன்னடமாவதைக் கொண்டே ஒரு மாநிலத்தின் எல்லையைக் கடந்துவிட்டோம் என்பதை உணர்கிறோம். அப்பால் குடியிருந்துகொண்டு இப்பால் சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை பார்ப்பவர்களும், இப்பால் குடியிருந்துகொண்டு அப்பால் பிழைப்பவர்களுமாக நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் அந்த எல்லையைக் கடந்து போய்வருகிறார்கள். அத்தகையோருள் ஒருவன் அத்திப்பள்ளிக் கடைவீதியில் இன்னொருவனை அடித்துவிட்டான் என்றும், அடித்தவனுக்கு ஓசூரில் வேலை என்றும் வைத்துக்கொள்வோம். அடிபட்டவன் எந்த ஊர் நீதிமன்றத்திற்குப் போவது? 1908-ஆம் ஆண்டின் சிவில் நடைமுறைச் சட்டம் இக்கேள்விக்குத் தனது 19-ஆம் பிரிவில் விடை வைத்திருக்கிறது. மனிதனின் உடலுக்கு இழைக்கப்பட்ட தீங்குக்காக நஷ்டஈடு கோரும் வாதி, தீங்கு நேர்ந்த இடத்து நீதிமன்றத்திலோ, பிரதிவாதி வசிக்கிற அல்லது வியாபாரம் செய்கிற அல்லது ஊதியத்திற்காக உழைக்கிற இடத்து நீதிமன்றத்திலோ, தன் விருப்பப்படி வழக்குத் தொடுக்கலாம். அப்பிரிவின் கீழ்ச் சட்டமே தரும் உதாரணம், டில்லியில் வசிக்கும் ஒருவன் கல்கத்தாவில் இன்னொருவனை அடிப்பதைப் பற்றியது.

இந்த உதாரணத்தை முதன்முதல் படித்தபோது என் மனத்தில் தைத்தது, டில்லியும் கல்கத்தாவும் அல்ல. ஓர் அடி, நிலத் தகராற்றையும் கடன் பத்திரத்தையும் போலவே, அடிபட்டவன் தன் பெயரில் தானே நடத்தும் சிவில் வழக்குக்கு உரிய விஷயம் என்று சட்டம் சர்வ சாதாரணமாக எண்ணியிருக்கிறதே என்பதுதான். ஏனெனில் நம் வட்டாரத்தில் ஒருவன் மேல் இன்னொருவன் கைவைத்துவிட்டால், அடிபட்டவனின் கால்கள் போலீஸ் ஸ்டேஷனை நோக்கியே நடக்கின்றன. அங்கே சி.எஸ்.ஆர். என்னும் புகார் ரசீது ஒன்று கிடைக்கும். சில நாட்களில் இரு தரப்புப் பெரியவர்களும் கூடி, வைத்தியச் செலவுக்கு ஒரு தொகையைப் பேசி, சமாதானமாகப் போங்கள் என்று அனுப்பிவைப்பார்கள். அங்கும் நியாயம் கிடைக்காதவன் விதியை நொந்துகொண்டு வேலைக்குத் திரும்புவான். தன் உடலுக்கு நேர்ந்த அவமதிப்பை முன்னிட்டுத் தானே வாதியாக நின்று, நீ ஏன் என்மேல் கைவைத்தாய் என்று நீதிபதியின் முன் கேட்கும் உரிமை தனக்கு உண்டென்பது அவனுக்குத் தெரியாது. பல வக்கீல்களுக்கும் அது சட்டக் கல்லூரியில் முதல் ஆண்டில் படித்து மறந்த பாடமாகவே இருக்கிறது.

அந்தப் பாடத்திற்குத் தமிழில் தீங்கியல் சட்டம் என்று பெயர். ஆங்கிலத்தில் டார்ட் என்பார்கள். குற்றவியல் சட்டத்தில் வாதியாக நிற்பது அரசாங்கம்; அடிபட்டவன் வெறும் சாட்சி. தீங்கியலிலோ அடிபட்டவனே வழக்கின் எஜமானன். இது நம் நாட்டில் எந்தச் சட்டப் புத்தகத்திலும் பிரிவு பிரிவாக எழுதிவைக்கப்படாத சட்டம். ஆங்கிலேயர் காலத்தில் நீதியும் சமநியாயமும் மனச்சாட்சியும் சொல்கிறபடி தீர்ப்பளிக்க என்று நீதிமன்றங்களுக்கு விடப்பட்ட வெளியினுள், இங்கிலாந்தின் பொதுச் சட்டம் நுழைந்து இடம்பிடித்தது. இதைத் தொகுத்து எழுதிவிட வேண்டும் என்ற எண்ணம் அரசாங்கத்துக்கே ஒருமுறை எழுந்ததுண்டு. ஸர் பிரெடெரிக் பாலக் என்னும் மேதை இந்திய அரசாங்கத்துக்காக சிவில் தீங்குகள் மசோதா ஒன்றை 1886-இல் தயாரித்துக் கொடுத்தார். அது சட்டமாகவே இல்லை. அன்று அது நிறைவேறியிருக்குமானால், தண்டனைச் சட்டத்தின் பிரிவுகள் டீக்கடையில் பேசப்படுவதைப் போல இந்தச் சட்டமும் ஓரளவு பேசப்பட்டிருக்கும் என்றே நான் நம்புகிறேன். எழுதப்படாத உரிமையை ஏழை எங்கே போய்ப் படிப்பான்?

உடலைக் குறித்த தீங்குகளில், வேண்டுமென்றே செய்யப்படுபவை ஒரு தனி வர்க்கம். கவனக் குறைவால் நேரும் விபத்துகள் வேறு. அங்கே வாதி, பிரதிவாதியின் அஜாக்கிரதையையும் தனக்கு நேர்ந்த நஷ்டத்தையும் நிரூபித்தாக வேண்டும். வேண்டுமென்றே ஒருவனை அடிப்பது, அடிக்க ஓங்குவது, அடைத்துவைப்பது ஆகிய மூன்றிலும் காசு நஷ்டம் எதுவும் நேராவிட்டாலும் தீங்கு பூரணமாகிவிடுகிறது. ஒரு மனிதனின் உடல் பிறர் தீண்டத் தகாத எல்லை என்பதை முதற் கொள்கையாக வைத்துக்கொண்டு புறப்படும் இச்சட்டத்தில், அந்த எல்லையைத் தாண்டிக் கை நீண்டது என்பதை மட்டும் வாதி காட்டிவிட்டால், ஏன் நீட்டினேன் என்று நியாயம் சொல்லும் பாரம் கை நீட்டியவன் தலையில் ஏறிவிடுகிறது. சம்மதம், தற்காப்பு, சொத்துக் காவல், அதிகாரம் என்று நாம் பின்னால் காணப்போகும் எதிர்வாதங்கள் எல்லாம் பிரதிவாதி தன் வாயால் சொல்லித் தன் சாட்சியால் நிலைநாட்ட வேண்டியவை. இங்கிலாந்தில் ஆஷ்லி என்பவரின் குடும்பத்தார், வீட்டைச் சோதனையிட வந்த போலீஸ்காரர் அவரைச் சுட்டுக் கொன்றதற்காகத் தொடுத்த வழக்கில் பிரபுக்கள் சபை 2008-இல் இதைத் தெளிவாக்கிற்று. தற்காப்பு என்று சொல்பவனே அதை நிரூபிக்க வேண்டும் என்பதோடு, ஆபத்து இருப்பதாக அவன் தவறாக நம்பியிருந்தால் அந்நம்பிக்கை நியாயமானதாகவும் இருந்தாக வேண்டும் என்று அச்சபை கூறியது. அவ்வழக்கில் போலீஸ் தரப்பு நஷ்டஈடு தர இசைந்த பின்னும் குடும்பத்தார் வழக்கை விடவில்லை. செய்தது அக்கிரமம் என்று ஒரு நீதிமன்றம் சொல்லிக் கேட்க வேண்டும் என்பதே அவர்கள் வேண்டியது. அப்படிக் கேட்பதற்கு அவர்களுக்கு உரிமை உண்டென்று பிரபுக்கள் ஒப்புக்கொண்டார்கள்.

அடித்தலைப் பற்றி அதிகம் விவரிக்க வேண்டியதில்லை. கோபத்தோடு மிக மெல்லத் தொட்டாலும் அது அடித்தலே என்று நீதிபதி ஹோல்ட் 1704-இல் சொன்னது இன்றும் சட்டம். நெரிசலில் தோள் உரசுவது அடித்தல் ஆகாது என்பதும் அத்தீர்ப்பின் கருத்தே. ஆகவே காலை ஷிப்டுக்கு விரையும் கூட்டத்தில் பஸ்ஸில் ஒருவன் மேல் சாய்ந்தவன்மேல் வழக்கில்லை. மேஸ்திரி ஒருவன் தொழிலாளியின் சட்டைக் காலரைப் பிடித்து உலுக்கினால் வழக்கு உண்டு. ஓங்குதல் இதைவிட நுட்பமானது. அடி விழாமலேயே, இதோ விழப்போகிறது என்ற நியாயமான அச்சத்தை உண்டாக்கினாலே அது தீங்கு. 1830-இல் ஒரு ஆலயச் சபைக் கூட்டத்தில், தலைவரை நோக்கி முஷ்டியை ஓங்கி ஓடியவனைப் பக்கத்திலிருந்தவர் பாதி வழியில் தடுத்துவிட்டார். அடி தலைவருக்கு எட்டவில்லை. என்றாலும் வழக்கு வென்றது, கிடைத்தது ஒரு ஷில்லிங். இதற்கு மாறாக 1669-இல், வாளின் பிடிமேல் கை வைத்துக்கொண்டு, நீதிபதிகள் ஊருக்கு வந்திருக்கும் காலமாக இல்லாவிட்டால் உன் பேச்சைப் பொறுத்திருக்க மாட்டேன் என்று ஒருவன் கூறியதில் ஓங்குதல் இல்லையென்று முடிவாயிற்று. அவன் சொல்லே அவன் கையைக் கட்டிவிட்டது. கடன் வசூலுக்கு வந்தவன் வாசலில் நின்று மிரட்டுவதும் பின்தொடர்வதும் இவ்வகைத் தீங்கின் அண்டை வீட்டில் இருப்பவை. சொல்லால் மட்டும் விளைவிக்கும் மனவேதனையும் சட்டத்திற்குப் புறம்பானதல்ல: கணவனின் கால்கள் விபத்தில் நொறுங்கிவிட்டன என்று பொய்ச் செய்தி சொல்லி ஒரு பெண்ணை நோயில் தள்ளியவன்மீது 1897-இல் லண்டனில் நூறு பவுனுக்கு மேல் தீர்ப்பாயிற்று. தமிழ்நாட்டிலோ 2003-ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டம் கடன் வசூலிப்பவனின் தொந்தரவைக் குற்றமாக்கிற்று.

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்துக்கு மிக நெருங்கிய தீங்கு எதுவென்று என்னைக் கேட்டால், அடைத்துவைப்பது என்றே சொல்வேன். அதற்குச் சிறைச்சாலையும் பூட்டும் வேண்டுவதில்லை. எத்திசையிலும் போக முடியாதபடி ஒருவனை நியாயமின்றி நிறுத்திவைத்தாலே போதும். ஒரு திசை மட்டும் அடைபட்டு வந்த வழியே திரும்ப இயலுமானால் அது சிறைவைப்பு ஆகாது என்று, படகுப் பந்தயம் பார்ப்பவர்களுக்காகப் பாலத்தின் ஒரு பகுதியை மறித்த வழக்கொன்றில் 1845-இல் இங்கிலாந்தில் தீர்ப்பாயிற்று. காவிரிப் பிரச்சினை கொதித்த 2016 செப்டம்பரில் பஸ்கள் எல்லையோடு நின்றுவிட, அத்திப்பள்ளிக்கும் ஜூஜூவாடிக்கும் இடையே மூட்டையும் குழந்தையுமாக மக்கள் நடந்து கடந்தார்களே, அந்தச் சாலை மறிப்பு இக்கணக்கின்படி சிறைவைப்பு அல்ல. ஆனால் போக உரிமையுள்ள திசையில் போகவிடாமல் ஒருவனைத் தடுப்பதையே தனிக் குற்றமாக நமது தண்டனைச் சட்டம் வகுத்திருந்தது. 2024 ஜூலை முதல் அதன் இடத்தில் வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவும் 126-ஆம் பிரிவில் அதையே வைத்திருக்கிறது. ஆங்கிலச் சட்டத்தைவிட இவ்விடத்தில் நம் சட்டம் மேலானது என்பது என் அபிப்பிராயம்.

தொழிற்சாலைக் கேட்டுக்கு வருவோம். ஷிப்ட் முடிந்து வெளியேறும் தொழிலாளியின் பையில் பித்தளைத் துண்டு ஒன்று இருந்ததாக ஐயம் கொண்டு, அவனைக் காவலறையில் உட்காரவைத்து, அதிகாரி வரட்டும் என்று மணிக்கணக்காகக் காக்க வைப்பது எங்கேனும் நடக்கக்கூடியதே. கதவு பூட்டப்படவில்லை, அவனாகத்தான் உட்கார்ந்திருந்தான் என்பார்கள். இதே கதை 1919-இல் இங்கிலாந்தின் ஆகாய விமானத் தொழிற்சாலை ஒன்றில் நடந்திருக்கிறது. வார்னிஷ் திருடியதாக ஐயுறப்பட்ட மீரிங் என்னும் தொழிலாளி கம்பெனி அலுவலகத்தின் அறையொன்றில் இருத்தப்பட்டார். வெளியே கம்பெனியின் காவலர் நின்றார்கள். அவர்கள் தம்மைத் தடுக்கவே நிற்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியாது. தெரியாமல் இருந்தாலும் சிறைவைப்பு சிறைவைப்பே என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் முடிவு செய்தது. தூங்குகிறவனையும் நினைவிழந்தவனையும்கூடச் சிறைவைக்க முடியும் என்றார் நீதிபதி அட்கின். நமது நாட்டிலோ தனியார் காவலர் எவருக்கும் போலீஸ் அதிகாரம் கிடையாது. ஜாமீனில் விட இயலாத, போலீஸ் நேரடியாக எடுத்துக்கொள்ளத்தக்க குற்றம் தன் கண்ணெதிரே நடந்தால் மட்டுமே எந்தத் தனிமனிதனும் ஒருவனைப் பிடித்துவைக்கலாம். பிடித்தவனைத் தாமதமின்றி, ஆறு மணி நேரத்துக்குள், போலீஸிடம் ஒப்புவித்தாக வேண்டும் என்று 2023-ஆம் ஆண்டின் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா தனது 40-ஆம் பிரிவில் கூறுகிறது. ஐயம் என்பது கண்ணெதிரே நடந்த குற்றம் ஆகாது. காவலறையில் தொழிலாளி கழிக்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் கணக்குச் சொல்ல வேண்டியவர்கள் அவனை அங்கே உட்காரவைத்தவர்கள்.

இதற்கு எதிராக எடுத்துக்காட்டப்படும் தீர்ப்பும் ஒன்று உண்டு. அது உழைப்பாளியைப் பற்றியது என்பதாலேயே இங்கே ஆராயத்தக்கது. காலை ஒன்பதரை மணிக்குச் சுரங்கத்தில் இறங்கிய ஹெர்ட் என்னும் தொழிலாளி, ஆபத்தானது என்று கருதிய வேலையைச் செய்ய மறுத்து, பதினொரு மணிக்கு மேலே ஏற்றிவிடும்படி கேட்டார். நிர்வாகம் ஒன்றரை மணி வரை ஏற்ற மறுத்தது. ஷிப்ட் முடியும்வரை கீழே இருப்பதாக ஒப்பந்தம் செய்துகொண்டுதான் அவர் இறங்கினார், ஆகவே சிறைவைப்பு இல்லை என்று பிரபுக்கள் சபை 1915-இல் தீர்ப்பளித்தது. இத்தீர்ப்பை நம் நாட்டுக்கு அப்படியே கொண்டுவருவதை நான் ஒப்பவில்லை. ஒப்பந்தத்தை மீறிய தொழிலாளியிடம் கூலியைப் பிடிக்கலாம், நஷ்டம் கேட்கலாம். அவன் உடலைப் பணயமாக நிறுத்திவைக்கலாகாது. நமது அரசியல் சாசனத்தின் 23-ஆம் ஷரத்து கட்டாய உழைப்பையே தடைசெய்திருக்கிறது. அப்படிப்பட்ட ஷரத்து அன்று இங்கிலாந்துப் பிரபுக்களின் முன் இருக்கவில்லை.

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் கிரானைட் குவாரிகளையும் செங்கல் சூளைகளையும் அறிந்தவர்களுக்கு இது வெறும் ஏட்டு விவாதமல்ல. முன்பணம் என்ற ஒரு சொல்லில் குடும்பம் குடும்பமாக மனிதர் கட்டுண்டு கிடக்கும் முறையை 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் ஒழித்தது. அம்முறையின் அடிநாதம் அடைத்துவைத்தலே. வாயிற்கதவு திறந்திருக்கும், ஆனால் ஆதார் அட்டையும் வங்கி அட்டையும் மேஸ்திரியின் பெட்டியில் இருக்கும், ஒடிசாவிலிருந்தோ ஜார்க்கண்டிலிருந்தோ வந்தவன் மொழியும் வழியும் தெரியாத ஊரில் எங்கே போவான்? 1982-இல் உச்ச நீதிமன்றம், குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலை வாங்குவது கட்டாய உழைப்பே என்றது. பசி மனிதனைக் கட்டும் கயிறு சங்கிலியைவிடப் பலம் குறைந்ததல்ல என்பதே அத்தீர்ப்பின் சாரம். பரிதாபாத் கல்குவாரித் தொழிலாளரைப் பற்றிய பந்துவா முக்தி மோர்ச்சா வழக்கில் நீதிபதி பகவதி இன்னும் ஓரடி எடுத்துவைத்தார்: ஒருவன் கட்டாயமாக உழைப்பிக்கப்படுகிறான் என்று காட்டப்பட்டால், முன்பணத்தின் பேரில் அவன் கொத்தடிமையாக வைக்கப்பட்டிருக்கிறான் என்றே நீதிமன்றம் அநுமானிக்கும், இல்லையென்று நிரூபிப்பது எஜமானனின் கடமை. தீங்கியலின் பழைய தத்துவம், கைவைத்தவனே நியாயம் சொல்ல வேண்டும் என்பது, இங்கே வேறு உடை அணிந்து வந்திருப்பதை வாசகர் கவனிக்கலாம்.

வீட்டுக்குள் நடக்கும் சிறைவைப்பையும் சொல்லாமல் விடலாகாது. வயது வந்த மகள் வேறு ஜாதிப் பையனை விரும்புகிறாள் என்பதற்காக அவளை அறையில் பூட்டி, கைபேசியைப் பிடுங்கி, உறவினர் வீடுகளுக்கு மாற்றி மாற்றிக் கொண்டுபோவதைப் பெற்றோரின் உரிமை என்று எண்ணுவோர் நம்மிடையே அநேகர். பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவளிடம் பெற்றோருக்குப் பாசம் உண்டு, காவல் அதிகாரம் இல்லை. வயது வந்த இருவர் தாமே தேர்ந்துகொள்ளும் மணத்தில் குடும்பமோ சமூகமோ தலையிடலாகாது என்று சக்தி வாஹினி வழக்கில் 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. குழந்தைகளைப் பற்றிய பழைய ஆங்கிலச் சட்டம் ஆசிரியருக்கு மிதமான தண்டனை உரிமையை அளித்திருந்தது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவோடு இந்நாட்டுப் பள்ளிக்கூடங்களில் அந்த எதிர்வாதம் முடிந்தது.

இனி எதிர்வாதங்கள். முதலாவது சம்மதம். தொழிற்சாலைக் கேட்டில் பையைத் திறந்து காட்டவும், சட்டையின் மேல் தடவிப் பார்க்கவும் வேலைக்குச் சேர்ந்தவன் ஒப்புக்கொண்டவனே. ஆனால் கொடுத்த சம்மதம் எவ்வளவோ அவ்வளவுக்குத்தான் செல்லும். பெண்ணை ஆண் காவலன் தொடுவதற்கோ, தனியறையில் உடை களையச் சொல்வதற்கோ எந்த வேலை ஒப்பந்தமும் சம்மதமாகாது. மருத்துவமனையில் இது இன்னும் கூர்மையாகிறது. சமீரா கோலி வழக்கில், பரிசோதனைக்காக மயக்க மருந்து கொடுக்கப்பட்ட பெண்ணின் கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் அவர் தாயாரின் சம்மதத்தைப் பெற்று மருத்துவர் அகற்றிவிட்டார். மருத்துவம் சரியாகவே செய்யப்பட்டிருந்தாலும், சம்மதமின்றித் தீண்டியது தீங்கே என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் கூறி, மருத்துவருக்குக் கட்டணம் இல்லை என்றும் 25,000 ரூபாய் நஷ்டஈடு தர வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. தொகை சிறிது, அது நிலைநாட்டிய தத்துவம் பெரிது. நோயாளி நினைவோடு இருந்து கேட்டிருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம் அல்லவா?

தற்காப்பு எல்லோரும் அறிந்தது; நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையான பிரிவுகள் அதைக் குற்றவியல் நோக்கில் விரிக்கின்றன. அதன் உயிர் அளவில் இருக்கிறது. அபாயம் எவ்வளவோ அவ்வளவே பதிலடி. அபாயம் நீங்கிய பின் விழும் அடி தற்காப்பு அல்ல, பழி. அவன்தான் முதலில் திட்டினான் என்பதும் தற்காப்பு ஆகாது. இங்கிலாந்தில் பக்கத்து வீட்டு முதியவர் திட்டித் தோளில் ஒரு தட்டுத் தட்டியதற்கு, வாலிபன் ஒருவன் அவர் கண்ணில் குத்திப் பத்தொன்பது தையல் போடவைத்தான். முதியவர் கோபமூட்டினார் என்பதற்காக நஷ்டஈட்டில் ஒரு காசும் குறைக்க முடியாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 1967-இல் மறுத்துவிட்டது. மொழியின் பெயரால் திட்டினான், ஜாதியின் பெயரால் திட்டினான் என்று தொடங்கும் எல்லைப்புறச் சண்டைகள் அனைத்துக்கும் இது பொருந்தும். திட்டியவனுக்குச் சட்டத்தில் வேறு விடை உண்டு, அது கை அல்ல.

சொத்தைக் காக்கும் உரிமை இந்த வட்டாரத்தில் ஒரு விசேஷமான உருவத்தில் எழுகிறது. தேன்கனிக்கோட்டை, தளி, சானமாவு பக்கங்களில் அறுவடைக் காலத்தில் காட்டு யானைகளும் பன்றிகளும் ராகிக் காட்டுக்குள் இறங்குகின்றன. ஓர் இரவில் ஓராண்டு உழைப்பை இழந்த விவசாயியின் வேதனையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அந்த வேதனையில் அவன் வேலியில் நேரடி மின்சாரத்தைப் பாய்ச்சிவிடுகிறான். விடியுமுன் அவ்வழியே வருபவன் பக்கத்து நிலத்துக்காரனாகவோ, தண்ணீர் பாய்ச்சப் போன அவன் தம்பியாகவோ இருந்துவிடுகிறான். 1984-ஆம் ஆண்டின் தீர்ப்புத் தொகுதியில் சென்னை உயர்நீதிமன்றத்தின் வழக்கொன்று இதையே விஷயமாகக் கொண்டது. இரவு பத்து மணிக்குத் தன் நிலத்துக்குச் செல்ல மற்றவர் நிலத்தைக் கடந்தவன், அங்கே எச்சரிக்கையின்றிப் போடப்பட்டிருந்த மின்கம்பியால் காயமடைந்தான். நிலத்துக்காரர் நஷ்டஈடு தரவேண்டியவர் ஆனார். அதற்கு முன்பே, தன் கழிப்பிடத்தை அயலார் உபயோகிப்பதைத் தடுக்கப் பீகாரில் ஒருவன் இழுத்துவைத்த மின்கம்பியில் ஒரு பெண் உயிரிழந்த வழக்கில், அத்துமீறி நுழைந்தவரும் சட்டத்தின் காவலுக்குப் புறம்பானவர் அல்லர் என்ற நிலையை உச்ச நீதிமன்றம் எடுத்து, தண்டனையை உறுதி செய்தது. வேலி நுழைவதைத் தடுக்கலாம். நுழைந்தவன் உயிரைப் பறிக்கும் கண்ணியாக ஆகக் கூடாது. யாரும் நேரில் நின்று செய்யத் துணியாத தண்டனையை இருட்டில் ஒரு கம்பியிடம் ஒப்படைப்பதை எந்த எதிர்வாதமும் ஏற்காது.

கடைசியாக அதிகாரம். கைது செய்யும் போலீஸ்காரனின் கை சட்டத்தின் கை. முறைப்படி நீளும்வரை அது தீங்கல்ல. முறை தவறிய கணமே அது சாதாரண மனிதனின் கையாகிவிடுகிறது என்பது கொள்கை. இக்கொள்கை இம்மண்ணில் பட்ட பாட்டை வாச்சாத்தியைச் சொல்லாமல் எழுத முடியாது. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004 பிப்ரவரியில். அதற்கு முன் அது தருமபுரி மாவட்டம். அம்மாவட்டத்தின் அரூர் வட்டத்தில், சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்திக்குள் 1992 ஜூன் 20 அன்று, சந்தனக் கடத்தலைத் தேடுவதாக வனத்துறையினரும் போலீஸாரும் வருவாய்த் துறையினரும் நுழைந்தார்கள். பழங்குடி மக்கள் அடிக்கப்பட்டார்கள், பதினெட்டுப் பெண்கள் பலாத்காரம் செய்யப்பட்டார்கள், நூற்றுக்கும் மேற்பட்டோர், பெண்களும் குழந்தைகளும் உட்பட, சிறைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள், வீடுகள் சூறையாடப்பட்டன. அடித்தல், அடைத்தல், பொய் வழக்கு என்று நாம் இதுவரை தனித்தனியே ஆராய்ந்த தீங்குகள் அனைத்தும் ஒரே ஊரின்மேல் ஒரே நாளில் இறங்கின. எதிர்வாதமாகச் சொல்லப்பட்டதோ அரசாங்கக் கடமை. சி.பி.ஐ. விசாரணைக்குப் பின் 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரையும் குற்றவாளிகள் என்றது. அதற்குள் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர்நீதிமன்றத்தின் நீதிபதி வேல்முருகன் அத்தீர்ப்பை உறுதி செய்து, பாதிக்கப்பட்ட பெண்கள் ஒவ்வொருவருக்கும் பத்து லட்சம் ரூபாய் தரவும், அதில் ஐந்து லட்சத்தைக் குற்றவாளிகளிடமிருந்தே வசூலிக்கவும் ஆணையிட்டார். அந்த ஐந்து லட்சத்தில்தான் தீங்கியலின் குரலை நான் கேட்கிறேன்: கருவூலத்திலிருந்து மட்டுமல்ல, கைவைத்தவனின் சொந்தப் பையிலிருந்தும். முப்பத்தோராண்டுகள் கழிந்து அது கேட்டது என்பதை எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது.

வீரப்பனைத் தேடிய இரு மாநிலக் கூட்டு அதிரடிப்படையின் கொடுமைகளை ஆராய, தேசிய மனித உரிமை ஆணையம் நீதிபதி சதாசிவா தலைமையில் அமைத்த குழுவும், 2007-இல் 89 பேருக்கு அவ்வாணையம் வழங்கச் சொன்ன 2 கோடியே 80 லட்சம் ரூபாயும் இதே எல்லைப்புறக் காடுகளின் கதையே. இத்தகைய நிவாரணம் எளிதில் பிறந்துவிடவில்லை. 1965-இல் கஸ்தூரிலால் வழக்கில் உச்ச நீதிமன்றம், அரசின் இறையாண்மைப் பணியில் நேர்ந்த தீங்குக்கு அரசு பொறுப்பல்ல என்றது. 1968-இல் விடுதலையான பின்னும் பதினான்கு ஆண்டுகள் பீகார்ச் சிறையில் கிடந்த ருதுல் ஷாவுக்கு 1983-இல் 35,000 ரூபாய் வழங்கியபோது இறையாண்மை என்ற சுவரில் முதல் விரிசல் கண்டது. 1993-இல் நீலபதி பெஹரா வழக்கில், போலீஸ் காவலில் மகனை இழந்த தாய்க்கு ஒன்றரை லட்சம் வழங்கி, அடிப்படை உரிமை மீறப்பட்ட இடத்தில் இறையாண்மை என்ற எதிர்வாதம் எழவே எழாது என்று அந்நீதிமன்றம் தெளிவாக்கிற்று. பொய் வழக்குப் போட்டு ஒருவனை அலைக்கழித்தவன் மீதும் வழக்குண்டு. ஆயின் அங்கே மட்டும் நியாயமான காரணம் இல்லை என்பதையும் துவேஷம் இருந்தது என்பதையும் வாதியே நிரூபிக்க வேண்டும். புகார் கொடுப்பவர்களை அச்சுறுத்தலாகாது என்ற நோக்கில் பாரம் இடம் மாறியிருக்கிறது, அது சரியே.

இவ்வளவு உரிமையும் இருந்தும் ஓசூரில் இவ்வகை சிவில் வழக்குகள் ஏன் அபூர்வம்? ஓசூர் சேலம் மாவட்டத்தோடு இருந்த காலத்தில், பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி சேலத்தில் வக்கீலாக விளங்கிய அந்நாட்களில், நீதிமன்றம் தூரம் என்று சொல்லியிருக்கலாம். இன்று தூரம் அல்ல காரணம். கேட்கும் தொகைக்குத் தக்க நீதிமன்றக் கட்டணம் செலுத்த வேண்டும் என்ற பயம் ஒன்று. வருஷக்கணக்கில் இழுக்கும் என்ற அநுபவம் ஒன்று. வேலை போய்விடும் என்ற கவலை எல்லாவற்றையும்விடப் பெரிது. முதல் பயத்துக்கு மாற்று உண்டு. கட்டணம் செலுத்த வகையற்றவன் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 33-ஆம் ஆணையின்படி அநுமதி பெற்று வழக்குத் தொடுக்கலாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, பெண்களையும் பட்டியல் ஜாதியினரையும் பழங்குடியினரையும் கட்டாய உழைப்பில் சிக்கியோரையும் சொல்லும் வரிசையில் தொழிற்சாலைத் தொழிலாளியையும் சேர்த்து, இலவச வக்கீலுக்கு உரியவன் ஆக்கியிருக்கிறது. கிருஷ்ணகிரியில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. சிப்காட்டின் ஒவ்வொரு கேட்டிலும், பாதுகாப்பு விதிகளைத் தமிழிலும் இந்தியிலும் எழுதித் தொங்கவிட்டிருக்கும் பலகைக்குப் பக்கத்தில், இந்த 12-ஆம் பிரிவையும் ஒடியா உட்பட அங்கே உழைப்போரின் மொழிகளில் எழுதிவைக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

அவசரமும் இருக்கிறது. 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் நியாயமற்ற சிறைவைப்புக்கு வழக்குத் தொடுக்க ஒரே ஓர் ஆண்டுதான் தருகிறது. அடைப்பு முடிந்த நாளிலிருந்து அது ஓடத் தொடங்குகிறது. சூளையிலிருந்தோ விடுதியிலிருந்தோ தை மாதத்தில் மீட்கப்பட்ட ஒடிசாத் தொழிலாளி, கையில் கிடைத்ததைக் கொண்டு ரயிலேறி, ஊரில் ஒரு சாகுபடியைப் பார்த்துவிட்டு, வேறொரு மேஸ்திரியோடு மறு ஆண்டு மாசி பிறந்து ஓசூர் நிலையத்தில் மறுபடி இறங்கும்போது, அவன் கேட்டிருக்கக்கூடிய கேள்விக்கு உரிய நாள் கடந்துபோயிருக்கும்.